மின்சாரம் கடத்துமா, கடத்தாதா? 150 ரூபாய்க்குள் வகுப்பறைக்கு ஒரு சோதனைக் கருவி

இந்தக் கருவியின் வேலை எளிமையானது. இரண்டு முனைகளுக்கு நடுவே ஒரு பொருளையோ திரவத்தையோ வைத்தால், அது மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று எல்இடி எரிந்து காட்டும். சாவி, பென்சில், பனையோலை, உப்புத்தண்ணீர், ஆற்றுத்தண்ணீர் எல்லாவற்றையும் பிள்ளைகள் தாங்களே வைத்துப் பார்க்கலாம்.

பல ஆசிரியர்களோடும் எட்டாம், ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளோடும் உட்கார்ந்து இதைச் செய்திருக்கிறேன். தடுமாற்றம் பெரும்பாலும் இரண்டே இடங்களில்தான். சோதித்துப் பார்க்காமலே சால்டரிங்கில், அதாவது பாகங்களை ஈயத்தால் பற்றவைப்பதில், இறங்குவது ஒன்று. எல்லாத் தண்ணீருக்கும் ஒரே மாதிரி விளக்கு எரிகிற கருவியைச் செய்துவிட்டு, வகுப்பில் விளக்கம் சொல்ல முடியாமல் நிற்பது இன்னொன்று. கீழே உள்ள வரிசை இந்த இரண்டையும் மனதில் வைத்து எழுதியது. ஒரு படியில் விளக்கு எரிந்த பிறகே அடுத்த படிக்குப் போங்கள்.

தொடங்கும் முன் ஒரு கண்டிப்பு. இது 9 வோல்ட் பேட்டரியில் மட்டும் ஓட வேண்டிய கருவி. பேட்டரி தீர்ந்துவிட்டது என்று சுவரில் செருகும் அடாப்டரை இணைக்காதீர்கள். மட்டமான அடாப்டரில் உள்ளே பழுது வந்தால் 230 வோல்ட் இந்தப் பக்கம் வந்துவிடும். பிள்ளைகளின் கை தண்ணீரில் இருக்கும் நேரம் அது.

1. வாங்க வேண்டியவை

வள்ளியூரிலிருந்தோ அம்பாசமுத்திரத்திலிருந்தோ திருநெல்வேலிக்கு பஸ் ஏறி வாங்குபவர்கள் ஒரே நடையில் எல்லாவற்றையும் வாங்கிவிடுங்கள். ரேடியோ, டிவி உதிரிபாகம் விற்கும் கடைகளில் எல்லாம் கிடைக்கும்.

பிசி547 டிரான்சிஸ்டர் 1, சிவப்பு எல்இடி 1, பச்சை எல்இடி 1, 470 ஓம் ரெசிஸ்டர் 2, 10 கிலோ ஓம் 1, 100 கிலோ ஓம் 1, 9 வோல்ட் பேட்டரியும் அதன் தலையில் மாட்டும் கிளிப்பும், சின்ன ஆன்-ஆஃப் சுவிட்ச், துளை போட்ட பொதுவான பிசிபி அட்டையில் ஒரு துண்டு, மூன்று நிறங்களில் இரண்டிரண்டு மீட்டர் மெல்லிய வயர், முதலை கிளிப் 3. என் கணக்கில் இவ்வளவும் 150 ரூபாய்க்குள் அடங்கியது. பிரெட்போர்டு (பற்றவைக்காமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகை), மல்டிமீட்டர் (வோல்ட்டும் ஓமும் அளப்பது), 25 வாட் சால்டரிங் அயர்ன் மூன்றும் தனிச் செலவு. அவை பள்ளி ஆய்வகத்தில் ஒரு செட் இருந்தால் போதும்.

டிரான்சிஸ்டர், எல்இடி, ரெசிஸ்டர் மூன்றிலும் தேவைக்கு மேல் இரண்டிரண்டு வாங்குங்கள். ஒன்றிரண்டு ரூபாய் மிச்சம் பிடிக்கப் போய், ஒரு எல்இடிக்காக மறுபடி பஸ் ஏற வேண்டியிருக்கும்.

பிசி547 இல்லை என்று கடைக்காரர் வேறொன்றை நீட்டினால் எண்ணைப் பாருங்கள். பிசி548 என்றால் சரி, கால்களின் வரிசை ஒன்றுதான். 2என்3904 கொடுத்தால் அதுவும் வேலை செய்யும், ஆனால் அதன் கால்வரிசை நேர் எதிர். அதைத் திருப்பி வைக்க வேண்டும்.

2. பாகங்களை அடையாளம் காண்பது

இதைத் தாண்டிக் குதிக்கிறவர்கள்தான் கடைசியில் ஒரு மணி நேரம் தவறு தேடுகிறார்கள்.

ரெசிஸ்டரின் நிறக் கோடுகள்: 470 ஓம் என்றால் மஞ்சள், ஊதா, பழுப்பு. 10 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கருப்பு, ஆரஞ்சு. 100 கிலோ ஓம் என்றால் பழுப்பு, கருப்பு, மஞ்சள். வகுப்பறை வெளிச்சத்தில் பழுப்பும் ஆரஞ்சும் ஒன்றுபோல் தெரியும். 470 ஓமுக்குப் பதில் 47 கிலோ ஓமை வைத்துவிட்டால் எல்இடி மிகவும் மங்கிவிடும். அதனால் நிறத்தை நம்பாமல் ஒவ்வொன்றையும் மல்டிமீட்டரில் வைத்துப் பார்த்து, ஒரு தாளில் செருகிப் பக்கத்தில் எண்ணை எழுதிவிடுங்கள். 470 ஓம் ரெசிஸ்டர் 447க்கும் 493க்கும் இடையில் காட்டினால் சரியானதுதான்.

எல்இடியில் நீளக் கால் பிளஸ், குட்டைக் கால் மைனஸ். கால்களை வெட்டிவிட்டால் விளிம்பைப் பாருங்கள், தட்டையாக வெட்டுப்பட்ட பக்கம் மைனஸ்.

பிசி547இன் தட்டை முகம் உங்களைப் பார்க்க, கால்கள் கீழே இருக்கும்படி பிடியுங்கள். இடமிருந்து வலமாகக் கலெக்டர், பேஸ், எமிட்டர்.

3. பிரெட்போர்டில் சிவப்பு வழி

இந்தக் கருவியில் இரண்டு வழிகள் உண்டு. சிவப்பு விளக்கின் வழி நேரானது. பொருளின் வழியாகப் போகும் மின்சாரமே விளக்கையும் எரிக்கும். பச்சை விளக்கின் வழி நுட்பமானது. பொருளில் மிகச் சிறிய மின்னோட்டம் போனாலே டிரான்சிஸ்டர் அதைப் பெருக்கி விளக்கை எரித்துவிடும்.

ஏன் இரண்டு? டிரான்சிஸ்டர் மட்டும் உள்ள கருவியைத் தண்ணீரில் வைத்தால் குழாய்த்தண்ணீர், கிணற்றுத்தண்ணீர், உப்புத்தண்ணீர் எல்லாவற்றுக்கும் ஒரே வெளிச்சம். "சார், எல்லாத்துலயும் லைட் எரியுது" என்று பின் பெஞ்சிலிருந்து குரல் வரும். நேர்வழி மட்டும் இருந்தாலோ ஈரமான ஓலையும் விரலும் கடத்தாத பொருள் என்று பிள்ளைகள் எழுதிவிடுவார்கள். இரண்டும் சேர்ந்திருந்தால்தான் கடத்துகிறது, கொஞ்சம் கடத்துகிறது, கடத்தவே இல்லை என்று மூன்று நிலை தெரியும்.

எண்கள் இடமிருந்து வலமாகக் கூடும்படி பிரெட்போர்டை வையுங்கள். நடுப் பள்ளத்துக்கு ஒரே பக்கத்தில், ஒரே எண்ணில் உள்ள துளைகள் உள்ளே இணைந்திருக்கும்; ஓரத்தில் நீளமாக ஓடுபவை பிளஸ், மைனஸ் பட்டைகள். பேட்டரி கிளிப்பின் சிவப்பு வயர் பிளஸ் பட்டைக்கு, கருப்பு வயர் மைனஸ் பட்டைக்கு. பேட்டரியை இப்போது மாட்ட வேண்டாம். சில பிரெட்போர்டுகளில் இந்த நீளப் பட்டை நடுவில் துண்டாக இருக்கும். மேலே வரைந்த கோடு நடுவில் விட்டுப்போயிருந்தால் இரண்டு பாதியையும் சின்ன வயரால் இணையுங்கள்.

470 ஓம் ரெசிஸ்டரின் ஒரு கால் 5ஆம் எண்ணில், மறு கால் 10இல். சிவப்பு எல்இடியின் நீளக் கால் 10இல், குட்டைக் கால் மைனஸ் பட்டையில். 5ஆம் எண்ணிலிருந்து ஒரு வயரை வெளியே விடுங்கள். இதற்கு 'நேர்' என்று பெயர். பிளஸ் பட்டையிலிருந்து இன்னொரு வயர். இதற்கு 'பொது' என்று பெயர்.

இப்போது பேட்டரியை மாட்டி, 'பொது' வயரின் நுனியால் 'நேர்' வயரைத் தொடுங்கள். சிவப்பு பளிச்சென்று எரியும். சுமார் 15 மில்லிஆம்பியர் ஓடுகிறது. அதற்கு மேல் போகாமல் 470 ஓம் தடுத்துக்கொள்கிறது. அந்த ரெசிஸ்டர் இல்லாமல் 9 வோல்ட்டை எல்இடிக்குக் கொடுத்தால் ஒரு முறை மின்னிவிட்டு அணைந்துவிடும். பிறகு எரியாது.

4. பச்சை வழி

பேட்டரியைக் கழற்றிவிட்டுத் தொடங்குங்கள். தட்டை முகம் உங்களைப் பார்க்க டிரான்சிஸ்டரைச் செருகுங்கள்: கலெக்டர் 20இல், பேஸ் 21இல், எமிட்டர் 22இல்.

22இலிருந்து மைனஸ் பட்டைக்கு ஒரு சின்ன வயர். இரண்டாவது 470 ஓம் ரெசிஸ்டர் பிளஸ் பட்டையிலிருந்து 17க்கு. பச்சை எல்இடியின் நீளக் கால் 17இல், குட்டைக் கால் 20இல். 10 கிலோ ஓம் ரெசிஸ்டர் 21இலிருந்து 28க்கு. 28இலிருந்து வெளியே விடும் வயருக்கு 'நுண்' என்று பெயர். கடைசியாக 100 கிலோ ஓம் ரெசிஸ்டரை 21இலிருந்து மைனஸ் பட்டைக்குப் போடுங்கள்.

இந்த 100 கிலோ ஓம் எதற்கு என்று எல்லாரும் கேட்பார்கள், அது இல்லாமலும் விளக்கு எரிகிறதே என்று விட்டுவிடுவார்கள். விடாதீர்கள். பேஸ் அந்தரத்தில் நின்றால், நீண்ட சோதனை வயர் சுவரில் ஓடும் மின்கம்பியின் தாக்கத்தை வாங்கி, எதையும் தொடாமலே பச்சை மங்கலாக எரியும். அந்தச் சிறு கசிவை இந்த ரெசிஸ்டர் மைனஸுக்கு இழுத்து விட்டுவிடும்.

பேட்டரியை மாட்டுங்கள். முதலில் 'பொது'வால் 'நுண்'ணைத் தொடுங்கள், பச்சை நன்றாக எரிய வேண்டும். அடுத்து ஒரு கையில் 'பொது' வயரின் செம்பையும் மறு கையில் 'நுண்' வயரின் செம்பையும் பிடியுங்கள். பச்சை எரியும், சிவப்பு வழியில் இதையே செய்தால் எரியாது. 10 கிலோ ஓம் நடுவில் இருப்பதால் உடம்பு வழியாக ஒரு மில்லிஆம்பியர்கூடப் போகாது. பயமில்லை.

விரல் சோதனையைத் தவறாமல் செய்யுங்கள். டிரான்சிஸ்டரைத் திருப்பி வைத்திருந்தாலும் வயரோடு வயர் தொடும்போது பச்சை மங்கலாக எரிந்து ஏமாற்றும். விரலுக்கு எரியாது. டிரான்சிஸ்டர் சரியாக நிற்கிறதா என்பது விரலில்தான் தெரியும்.

5. சால்டரிங்

பிரெட்போர்டில் இரண்டு விளக்கும் வேலை செய்த பிறகு, அதைக் கலைக்காமல் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டாவது செட் பாகங்களை அட்டையில் பொருத்துங்கள். சந்தேகம் வந்தால் பார்த்துக்கொள்ள அது உதவும். கூடுதலாக வாங்கச் சொன்னதன் இன்னொரு காரணம் இதுதான். 10 கிலோ, 100 கிலோ ஓமிலும் மிச்சம் இருக்கட்டும்.

ரெசிஸ்டர்கள் முதலில், பிறகு எல்இடி, பிறகு டிரான்சிஸ்டர், கடைசியில் வயர்கள். உயரம் குறைந்தவற்றை முதலில் வைத்தால் அட்டையைக் கவிழ்க்கும்போது கீழே விழாது. டிரான்சிஸ்டர் சூட்டுக்கு அஞ்சும், அதனால் கை பழகிய பிறகு அது வரட்டும்.

அயர்ன் முனையைப் பாகத்தின் காலும் செம்பு வளையமும் சேரும் இடத்தில் இரண்டு, மூன்று விநாடி வையுங்கள். பிறகு ஈயக் கம்பியை அந்த இடத்தில் தொடுங்கள், அயர்ன் முனையில் தொடாதீர்கள். புதியவர்கள் எல்லாரும் ஈயத்தை முனையில் உருக்கி, சொட்டுச் சொட்டாகக் கொண்டுபோய் அட்டையில் வைப்பார்கள். சூடேறாத காலில் ஈயம் ஒட்டாது, மேலே உட்கார்ந்திருக்கும். நல்ல பற்று பளபளவென்று சரிந்து கூம்புபோல் இருக்கும். மங்கலாக உருண்டு மணிபோல் இருந்தால் அது டிரை சால்டர், மறுபடி சூடாக்குங்கள்.

ஆனி, ஆடியில் பணகுடி, வள்ளியூர்ப் பக்கம் காற்று அடிக்கிற அடியில் ஜன்னலோரம் உட்கார்ந்து சால்டரிங் செய்ய முடியாது. ஈயம் பரவும் முன்பே இறுகிவிடும். மின்விசிறிக்குக் கீழேயும் அப்படித்தான். காற்று நேராகப் படாத மூலையில் உட்காருங்கள், ஆனால் கதவு திறந்திருக்கட்டும். புகையை மூச்சில் இழுக்கக் கூடாது. வேலை முடிந்ததும், சாப்பிடும் முன், சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும். வழக்கமான சால்டர் கம்பியில் காரீயம் இருக்கிறது. பிள்ளைகள் செய்தால் நீங்கள் பக்கத்தை விட்டு நகராதீர்கள்.

ஒவ்வொரு வழியும் முடிந்தவுடன் பேட்டரியை மாட்டிப் பாருங்கள். சிவப்பு எரிந்த பிறகே பச்சையைத் தொடங்குங்கள்.

6. டப்பா

அல்வா வாங்கிய ஒளிபுகும் பிளாஸ்டிக் டப்பா இதற்கு நன்றாகப் பொருந்தும். எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவிக் காயவைத்துவிடுங்கள். உள்ளே எந்த வயர் எங்கே போகிறது என்று பிள்ளைகளுக்குத் தெரியும் என்பதால் எனக்கு மூடிய பெட்டியைவிட இதுவே பிடிக்கும். சூடான ஆணியால் ஓட்டை போட்டு எல்இடிகளை மூடிக்கு மேலே வரும்படி வையுங்கள். சுவிட்ச் பேட்டரியின் பிளஸ் வயரில் வரட்டும்.

வெளியே போகும் மூன்று வயரிலும் டப்பாவுக்கு உள்பக்கம் ஒரு முடிச்சுப் போடுங்கள். பிள்ளைகள் இழுக்கும்போது இழுவை முடிச்சோடு நின்றுவிடும், சால்டர் பிய்யாது. முனைகளில் முதலை கிளிப் மாட்டி, 'பொது', 'நேர்', 'நுண்' என்று தாள் ஒட்டுங்கள்.

7. திரவத்துக்கான முனை

இதுதான் கருவியிலேயே முக்கியமான பாகம். இதைத்தான் எல்லாரும் கடைசி நிமிடத்தில் இரண்டு செம்புக் கம்பியை நீட்டி முடித்துவிடுகிறார்கள்.

செம்புக் கம்பியை உப்புத்தண்ணீரில் வைத்தால் பிளஸ் பக்கம் கரைந்து, தண்ணீர் நிறம் மாறிவிடும். அடுத்த பாடவேளையில் அதே தண்ணீர் வேறு திரவம். பென்சில் கரி அப்படிக் கரையாது. ஒரே வகைப் பென்சில் இரண்டை, முடிந்தால் 6பி போன்ற மென்மையானதை, எடுத்து இரண்டு பக்கமும் சீவுங்கள். மேல்நுனிக் கரியில் முதலை கிளிப், கீழ்நுனிக் கரி திரவத்தில்.

இரண்டு பென்சிலும் கையில் தனித்தனியாக இருந்தால் ஒரு பிள்ளை நெருக்கிப் பிடிக்கும், இன்னொன்று அகட்டிப் பிடிக்கும். நெருக்கமாக இருந்தால் விளக்கு கூடுதலாக எரியும். அப்புறம் எந்தத் தண்ணீர் அதிகம் கடத்துகிறது என்ற கேள்வியே குழம்பிப்போகும். தெர்மோகோல் துண்டு ஒன்றில் சரியாக 1 சென்டிமீட்டர் இடைவெளியில் இரண்டு ஓட்டை போட்டு இரண்டையும் குத்தி நிறுத்துங்கள். கரி நுனியிலிருந்து 1 சென்டிமீட்டரில் ஒரு கோடு போடுங்கள். எப்போதும் அந்தக் கோடு வரைதான் முக்க வேண்டும்.

பென்சில் கீழே விழுந்திருந்தால் உள்ளே கரி உடைந்திருக்கும், வெளியே தெரியாது. ஒவ்வொரு வகுப்புக்கு முன்பும் கரியின் மேல்நுனிக்கும் கீழ்நுனிக்கும் இடையே மல்டிமீட்டரை வைத்துப் பாருங்கள்.

8. வகுப்பில் எந்த வரிசையில்

முதலில் திடப்பொருள்கள். பொருளின் ஒரு பக்கம் 'பொது', மறு பக்கம் 'நேர்' அல்லது 'நுண்'. சாவி, காசு, சிரட்டை, பிளாஸ்டிக் ஸ்கேல், காய்ந்த பனையோலை, அதே ஓலையை நனைத்து இன்னொரு முறை. காய்ந்த ஓலைக்கு இரண்டு விளக்கும் எரியாது, நனைந்த ஓலைக்குப் பச்சை எரியும். ஈரக் கையால் சுவிட்சைத் தொடாதே என்று வீட்டில் சொல்வதன் காரணத்தை அந்த இடத்திலேயே சொல்லிவிடலாம்.

பெயின்ட் அடித்த ஜியாமெட்ரி பாக்ஸை வைத்துவிட்டு 'தகரம் கடத்தாது' என்று எழுதும் பிள்ளைகள் எப்போதும் இருப்பார்கள். உடனே திருத்தாமல், ஓர் ஓரத்தில் ஆணியால் சுரண்டச் சொல்லி மறுபடி வைக்கச் சொல்லுங்கள். கிளிப் தொட்டது பெயின்டை என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள்.

திரவத்தில் வரிசை இதைவிட முக்கியம். குறைவாகக் கடத்துவதிலிருந்து கூடுதலாகக் கடத்துவதை நோக்கிப் போக வேண்டும். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர், அதில் கரைத்த சீனி, அதில் கரைத்த கருப்பட்டி, ஆற்றுத்தண்ணீர், போர் தண்ணீர், எலுமிச்சைச் சாறு, கடைசியில் உப்புத்தண்ணீர். உப்பில் தொடங்கினால் பென்சிலில் ஒட்டிய உப்பு அடுத்த டம்ளருக்குப் போய் எல்லாமே கடத்துவதாகக் காட்டும். ஒவ்வொன்றுக்கும் நடுவே வடிநீரில் முனையை அலசித் துடையுங்கள். கலக்கும் கரண்டிக்கும் இதே கதிதான்.

திரவங்களை ஒப்பிடும்போது சிவப்பு வழியை மட்டும் பயன்படுத்துங்கள். வடிநீருக்கும் பச்சை எரியக்கூடும். காற்றிலிருந்து கரையும் கரியமில வாயுவும் டம்ளரில் ஒட்டிய துளி அழுக்குமே அதற்குப் போதும்.

சீனியும் கருப்பட்டியும் வருகிற இடத்தில் கொஞ்சம் நிறுத்துங்கள். இரண்டும் இனிப்பு, இரண்டும் கரைந்துவிட்டது, ஒரே அளவு போட்டிருக்கிறோம். சீனித்தண்ணீருக்குச் சிவப்பு எரியாது. சீனி மூலக்கூறாகவே கரைகிறது, அயனி ஆவதில்லை. கருப்பட்டித்தண்ணீருக்கு மங்கலாகவாவது எரியும். பதநீரிலிருந்த தாது உப்புகள் காய்ச்சியபோது போகாமல் கருப்பட்டியில் தங்கியிருக்கின்றன. ஒரு டம்ளரில் விளக்கு குறைவாக எரிந்தது என்பதற்காக அந்தக் கருப்பட்டி கலப்படம் என்று மட்டும் யாரும் முடிவு கட்ட வேண்டாம். அதைச் சொல்லும் கருவி இதுவல்ல.

உப்புத்தண்ணீரில் முனையை ஐந்து விநாடிக்கு மேல் வைக்காதீர்கள். குமிழி வரும், கூடவே சிறிதளவு குளோரினும் வரும். ஜன்னல் திறந்திருக்கட்டும்.

9. வெளிச்சத்தை எண்ணாக மாற்ற

பாபநாசத்தில் பிடித்த தாமிரபரணித் தண்ணீரையும் குறுக்குத்துறையில் பிடித்ததையும் புன்னக்காயல் முகத்துவாரத்தில் பிடித்ததையும் ஒப்பிட வேண்டும் என்றால் கண் போதாது. சிவப்பு வழியின் 470 ஓம் ரெசிஸ்டரின் இரண்டு காலிலும் மல்டிமீட்டரை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். காட்டும் வோல்ட்டை 0.47ஆல் வகுத்தால் மில்லிஆம்பியர் கிடைக்கும். 0.47 வோல்ட் என்றால் 1 மில்லிஆம்பியர், 0.94 என்றால் 2.

முனைகளில் குமிழி சேரச் சேர எண் இறங்கிக்கொண்டே போகும். அதனால் முக்கியதிலிருந்து மூன்றாவது விநாடியில் வாசிக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை எண்ணட்டும், ஒரு பிள்ளை வாசிக்கட்டும். தண்ணீர் பிடிக்கும் பாட்டிலை அதே தண்ணீரில் இரண்டு முறை அலசிவிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள். ஊறுகாய் இருந்த பாட்டிலில் ஆற்றுத்தண்ணீர் வந்தால் கடல்தண்ணீர்போல் காட்டும்.

10. விளக்கு எரியாவிட்டால்

பேட்டரியை முதலில் பாருங்கள். மல்டிமீட்டரில் 7 வோல்ட்டுக்குக் கீழே இருந்தால் மாற்றிவிடுங்கள். அடுத்து எல்இடி திரும்பியிருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பு எரிந்து பச்சை மட்டும் எரியவில்லை என்றால் கோளாறு டிரான்சிஸ்டரைச் சுற்றித்தான். எதையும் தொடாமலே பச்சை முழு வெளிச்சத்தில் எரிந்தால் அட்டையின் அடியில் கலெக்டரும் எமிட்டரும் ஈயத்தால் ஒட்டியிருக்கும். ஆட்டினால் எரிந்து அணைந்தால் டிரை சால்டர், அந்தப் பற்றை மறுபடி சூடாக்குங்கள்.

11. எடுத்து வைப்பது

வகுப்பு முடிந்ததும் முனைகளை வடிநீரில் அலசிக் காயவைத்து, கிளிப்புகளைத் துடைத்து வையுங்கள். உப்பு பட்ட கிளிப் ஒரு வாரத்தில் துருவேறிவிடும். பேட்டரியைக் கழற்றி அதன் தலையில் டேப் ஒட்டுங்கள். சாவியோடும் காசோடும் ஒரே பையில் கிடந்தால் இரண்டு முனையும் ஒட்டிச் சூடாகும். கோடை விடுமுறைக்குப் பள்ளி மூடும் முன் பேட்டரி டப்பாவுக்குள் இல்லை என்பதை ஒரு முறை பார்த்துவிடுங்கள். இரண்டு மாத வெயிலில் அது கசிந்தால் அட்டையில் உள்ள செம்பை அரித்துவிடும்.